செத்த காலேஜில் ஒரு காலிப் பெட்டி

இளம்பிள்ளை வாதம் என்று ஒரு நோய் இருந்ததே, இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. நமக்கு அப்படி இல்லை. அறுபதைத் தொட்டுக்கொண்டு, சக்கரம் தள்ளித் தள்ளித் தோள்பட்டை தேய்ந்து, கடைசியில் பாட்டரி நாற்காலிக்கு மாறியிருக்கிற என் வயசுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாம் சந்தித்தால் தோள்வலி பேசுவோம். எந்த பேங்கில் எத்தனை படி, எந்தக் கல்யாண மண்டபத்தில் சாய்தளம் என்று பேசுவோம். சின்ன வயசில் எதற்குப் பயந்தோம் என்று மட்டும் பேசிக்கொண்டதே இல்லை. நான் ஆரம்பிக்கிறேன். எனக்கு ஒன்பது வயசில், ஒரு கோடையில், பட்டணத்து மியூசியத்தை நினைத்துப் பயம்.

மியூசியம் என்று அப்போது யார் சொன்னார்கள்? மிருகங்கள் இருக்கிற இடம் உயிர் காலேஜ். மியூசியம், செத்த காலேஜ். காஞ்சிபுரத்திலிருந்து பட்டணம் போய்வந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது வெறும் பேர். எனக்கு அப்படி இல்லாமல் போனதுதான் விஷயம்.

அந்த வருஷம் மாசி மாசத்தில் எனக்கு வண்டி வந்திருந்தது. வீல்சேர் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது, வண்டிதான். ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கொடுத்தது. பெரியவர்களுக்குச் செய்த வண்டி. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு, பிரம்பு பின்னிய இருக்கை, என் மார்பு உயரத்துக்குச் சக்கரங்கள். கால் வைக்கிற பலகை எட்டாது. அப்பாவின் பழைய லுங்கிகளைத் திணித்து அம்மா ஒரு மெத்தை தைத்துப் போட்டாள். அதற்கு முன்னால் நான் உலகத்தைப் பார்த்தது இரண்டே உயரத்தில். ஒன்று தரை, இன்னொன்று அம்மாவின் இடுப்பு. வண்டியில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். அவள் மூக்கில் ஒரு சின்ன மச்சம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

காலையில் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலைப் பாவாக நீட்டியிருப்பார்கள். அதை எடுத்த பிறகுதான் என் வண்டிக்குத் தெரு. அக்கா தள்ளுவாள். முதல் நாளே நான் ஆசையில் சக்கரத்தைப் பிடிக்கப் போய், விரல் கம்பிக்குள் மாட்டி நகம் பெயர்ந்துவிட்டது. "இனிமே சக்கரத்துல கைய வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் அம்மா. அதிலிருந்து மடியில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். யாராவது தள்ளினால் போவேன், விட்ட இடத்தில் இருப்பேன்.

அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அவர் நகக்கண்ணில் எப்போதும் ஒரு நிறம் நிற்கும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. நகத்தைப் பார்த்தே இன்றைக்கு எந்தக் கொப்பரையில் நின்றார் என்று சொல்லிவிடுவேன். அதிகம் பேச மாட்டார். அம்மா வீட்டில் தார் சுற்றுவாள், அதாவது நெய்கிறவர்களுக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கிற வேலை. நானும் சுற்றுவேன். கால்தான் வராது, கை நல்ல வேகம்.

சித்திரையில் ஒரு மத்தியானம், பட்டணத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பாவின் அண்ணன், ஏதோ ஆபீசில் பியூன். நான் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மூன்று பேரும் பேசினார்கள்.

"எத்தினி நாளைக்கு இடுப்புலயே வெச்சிக்கினு இருப்பே?" பெரியப்பா அம்மாவைக் கேட்டார். "பதினஞ்சு வயசுல யாரு தூக்குவா?"

அம்மா தார் சுற்றுகிற ராட்டையின் சத்தம் நின்றது.

"செத்த காலேஜ் காட்டறேன்னு சொல்லி இட்டுக்கினு வா. கொழந்த வேடிக்க பாத்துக்கினு இருக்கும். அப்டியே கொண்டுபோயி உட்டுடலாம்."

"அழுவாளே" என்றாள் அம்மா.

"ரெண்டு நாளு அழுவும். அப்பால பழகிடும். அங்க இருக்கறதெல்லாம் இத மாதிரிதானே?"

"அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமாங்க?"

அப்பா சொன்னார். "வாணாம். சொன்னா பயந்துடும்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. பாயின் கோரை கன்னத்தில் அழுந்தியதுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் அக்காவைக் கேட்டேன். "செத்த காலேஜ்ல இன்னா இருக்கும்?"

அக்காவுக்குப் பன்னிரண்டு வயசு. எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல மாட்டாள். "செத்ததெல்லாம் கண்ணாடிப் பொட்டியில வெச்சிருப்பாங்க. ரெண்டு தல கன்னுக்குட்டி இருக்குது. பாட்டில்ல கொழந்தைங்க கூட இருக்குது. கை இல்லாதது, காலு சூம்பினது."

"யாரு கொண்டாந்து குடுக்கறாங்க?"

"அவங்கவங்க ஊட்லதான்."

அவள் அந்தப் பக்கமே போனதில்லை என்பது எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆனது. அன்றைக்கு எனக்கு எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. அங்கே இருப்பதெல்லாம் என்னை மாதிரி. கொண்டுபோய் விட்டுவிடப் போகிறார்கள். சொன்னால் பயந்துவிடுவேன்.

பெரியப்பா சொல்லிப்போன நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரம் நான் என்னவெல்லாமோ செய்தேன். நான் வீட்டுக்கு உபயோகமானவள் என்று காட்டிவிட்டால் வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. விடிந்ததும் ராட்டை முன்னால் உட்கார்ந்தால் நகர மாட்டேன். அம்மா சுற்றுகிற அளவு நானும் சுற்றினேன். விரலில் நூல் அறுத்துக் கோடு விழுந்தது. தண்ணீர் குடிப்பதை விட்டேன். குடித்தால்தானே என்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போக வேண்டும்? சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சோற்றையும் பாதியில் நிறுத்திவிடுவேன். கனம் குறைந்தால் அம்மாவுக்கு இடுப்பு வலிக்காது.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது உத்தரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தேன். நின்றேன் என்றே நினைத்தேன். அப்புறம் முகவாய் தரையில் மோதி ரத்தம் வந்தது. அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "யாருடி உன்ன எழுந்துக்கச் சொன்னது? உனுக்கு இன்னாடி கொற இங்க?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே காப்பித்தூள் எடுத்துவந்து காயத்தில் அழுத்தினாள். அவளுக்கு ஏதோ தெரியும், எனக்கும் ஏதோ தெரியும். ஒரே வீட்டுக்குள் அவரவர் பயத்தை அவரவர் மறைத்துக்கொண்டிருந்தோம்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அம்மா எனக்கு அக்காவின் பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டாள். தலை கொள்ளாமல் மல்லிகை வைத்தாள். பவுடர் போட்டு, பொட்டு வைத்து, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று மையும் வைத்தாள். அந்தத் தெருவில் ஒருத்தரை அப்படி முழுசாக அலங்கரித்து நான் பார்த்தது இரண்டு சமயத்தில்தான். எனக்குக் கல்யாணம் இல்லை என்று மட்டும் தெரியும்.

வாசலில் சின்னத் தகரப்பெட்டி இருந்தது.

"எதுக்கும்மா பொட்டி?"

"பெரியம்மாவுக்குத் துணி" என்றாள். மூடி சரியாகச் சாத்தாமல் என் பழைய கவுனின் நுனி வெளியே தெரிந்தது.

அம்மா வரவில்லை. தலைவலி என்றாள். அக்கா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் ஸ்டாண்டில் வண்டியைக் கூரைமேல் ஏற்றிக் கயிறு போட்டார்கள். என்னை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலில் ஏரிகள் வற்றிக் கிடந்தன. ஸ்ரீபெரும்புதூரில் அப்பா இறங்கி எனக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்தார். நான் வேண்டாம் என்றேன். அவரும் தின்னவில்லை. அது காகிதத்தில் அப்படியே வெதும்பியது. அன்றைக்கு அவர் நகத்தில் கருநீலம். என் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த அந்தக் கையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, "பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஆமாம் என்றால் உடனே நடந்துவிடும் என்று தோன்றியது.

பட்டணத்தில் பெரியப்பா காத்திருந்தார். சைக்கிள் ரிக்‌ஷாவில் வண்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு போனோம். சிவப்புக் கட்டடம், அகலமான படிகள். அப்பா முதலில் வண்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். அதுவரை என்னைக் கீழ்ப் படியில் உட்காரவைத்திருந்தார்கள். மேலே போனவர் திரும்பி வருகிறாரா என்று படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே பாச்சை உருண்டை வாசனை. அதற்கடியில் இன்னொரு வாசனை, ஆஸ்பத்திரி மாதிரி. பெரிய மீனின் எலும்புக்கூடு ஒன்று கூரைவரை நின்றது. பஞ்சு அடைத்த புலி, கண்ணாடிக் கண். "பாருமா, புலி! பாருமா, அதோ மொதல!" என்றார் அப்பா. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாதவர் அன்றைக்கு ஓயாமல் பேசினார். அதைவிட எனக்குப் பயம் கொடுத்தது வேறெதுவும் இல்லை.

ஜனம் அன்றைக்கு நிறைய. கிராமங்களிலிருந்து வந்தவர்கள், பிள்ளைகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குக் கண்ணாடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். புலியைப் பார்ப்பார்கள், முதலையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு வயசுப் பிள்ளை ஒன்று எனக்கு நேரே வந்து நின்று, "அம்மா, இதுவும் பொம்மையா?" என்று கேட்டது. "சீ, சும்மா இரு" என்றாள் அதன் அம்மா. சொல்லிவிட்டு அவளும் கிட்டே வந்து பாவாடைக்குக் கீழே தெரிந்த என் காலைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா அப்பாவின் தோளைத் தொட்டார். "வந்துட்டோம்னு ஒரு ஃபோன் பண்ணிடலாம், வா. எதுத்த கடையில இருக்குது."

அப்பா வண்டியை ஒரு ஓரமாக நிறுத்தினார். "இங்கியே இரு கண்ணு. அஞ்சு நிமிஷம். வந்துடறேன்."

போய்விட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. மற்ற எல்லாப் பெட்டியிலும் ஏதோ இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தது, அவ்வளவுதான். நான் கால் மடக்கி உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

காக்கிச் சட்டை போட்ட ஓர் ஊழியர் வந்தார். பெட்டியின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். துணியை உதறி மறுபடி விரித்தார். பையிலிருந்து நாடா எடுத்து நீளம் அளந்தார், அகலம் அளந்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா வயசு பாப்பா?"

நான் அந்த நாடாவையே பார்த்தேன்.

"எந்த ஊரு?"

அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என் பக்கமாகத் திரும்பினார். "அப்டியே இரு. நவுராத. ஆடாம உக்காந்துக்கினு இரு" என்றார்.

கண்ணாடி என்மேல் பட்டுவிடக் கூடாதே என்று சொன்னார், பாவம். அப்போது நான் கேட்டது அதுவா?

என் கை இரண்டும் சக்கரத்தின்மேல் இருந்தன. யார் வைத்தது என்று தெரியவில்லை. தள்ளினேன். ஒரு கை மட்டும் பலமாகத் தள்ளியதால் வண்டி சுற்றிக்கொண்டு சுவரில் இடித்தது. மறுபடி தள்ளினேன். அது நேராகப் போனது. நினைவு தெரிந்ததிலிருந்து ஒருத்தர் தூக்காமலும் ஒருத்தர் தள்ளாமலும் நான் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அப்போது அந்தச் சந்தோஷமெல்லாம் எங்கே தெரிந்தது? பின்னால் "பாப்பா! ஏய் பாப்பா!" என்ற குரல். ஜனம் விலகியது. ஒரு கூடம் முழுக்கக் கற்சிலை, தாண்டினேன். வெளிச்சம் தெரிந்த பக்கமெல்லாம் தள்ளினேன். வாசல் வந்தது. வாசலுக்கு அப்பால் படி.

வண்டியை விட்டுச் சரிந்து இறங்கினேன். கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக இடுப்பை இறக்கினேன். பாவாடை எங்கோ மாட்டி டர்ரென்று கிழிந்தது. பக்கத்தில் மரத்தடியில் உடைந்த சிலைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். தலை இல்லாதது, கை இல்லாதது. அதற்குள் தவழ்ந்துபோய் ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பாவாடையிலேயே போய்விட்டது.

அப்புறம்தான் அப்பாவின் குரல் கேட்டது.

வாசலில் காலி வண்டியைப் பார்த்திருக்கிறார். முதலில் என்னைக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை, கத்தினார். கல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வருகிற போகிற ஆள் கையையெல்லாம் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "எம்பொண்ணப் பாத்தீங்களா? அவளுக்குக் காலு வராதுங்க. நடக்க மாட்டாளுங்க. அவ எங்கிங்க போவா?" ரோட்டுக்கு ஓடினார், திரும்பி ஓடி வந்தார். செருப்பு ஒன்று கழன்று போயிருந்தது. காக்கிச் சட்டைக்காரர் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "இப்பதான் இருந்துச்சு சார், இப்பதான் இருந்துச்சு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அப்பாவுக்கு என் பேரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போகிறது. பத்தடி தூரத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியில் வைக்கத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன்.

கடைசியில் அவர் படியேறிப்போய்க் காலி வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். லுங்கி மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஓ என்று அழுதார்.

"டேய், எழுந்திருடா. ஜனம் பாக்குது" என்றார் பெரியப்பா.

"வாணாம்ணா. இந்த வேலையே வாணாம். எம்பொண்ணு கெடைச்சா போதும். ஊட்டுக்கு இட்டுக்கினு போயிடறேன். ஆயுசுக்கும் நானே தூக்கிக்கினு திரியறேன்."

"அப்பா" என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. என்னை வாரி எடுத்தபோது அவர் நெஞ்சு அடித்தது என் காதுக்குள் கேட்டது. என் ஈரம் அவர் சட்டை முழுக்க.

"என்னக் கண்ணாடிக்குள்ள வெக்காதப்பா" என்றேன். "இனிமே தண்ணியே குடிக்க மாட்டேன். நெறைய தார் சுத்தறேன். கண்ணாடிக்குள்ள வாணாம்பா."

"இன்னாது? எந்தக் கண்ணாடி?"

சொன்னேன். பாயில் கேட்டது, அக்கா சொன்னது, காலிப் பெட்டி, நாடா. அழுகைக்கு நடுவில் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அப்பாவின் முகம் போன போக்கை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காக்கிச் சட்டைக்காரர் எங்கிருந்தோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "அது நாரைக்குமா. ஏரியில நிக்குமே, நாரை. அதுக்குத்தான் பொட்டி அளந்தேன்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு அந்த உடைந்த கல்லின்மேலேயே உட்கார்ந்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். கொஞ்ச தூரத்தில் ஓர் இல்லம். கால் வராத பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்கவைக்கிறார்கள். காலுக்கு இரும்பு செய்து மாட்டி நடக்கவும் பழக்குகிறார்கள். நம்ம ஊரில் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால்தான்.

"ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

துண்டால் என் முகத்தைத் துடைத்தார். "நீ வாணாம்னா இப்பவே பஸ் ஏறிடலாம்" என்றார்.

"புள்ளகிட்ட போயி கேக்கறான் பாரு" என்றார் பெரியப்பா. "அது இன்னா சொல்லும்? அங்க அவங்க காத்துக்கினு இருக்காங்க."

அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் யோசித்துக் கேட்டேன். "அங்க எல்லாரும் உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"நீ பாத்தியா?"

அப்பா முழித்தார். "பெரியப்பா பாத்தாரு."

"நீ பாத்தியா?"

"இல்ல" என்றார் அப்பா.

"அப்ப போயி பாக்கலாம். ஆனா என்னக் கீழ எறக்கக் கூடாது."

இறக்கவில்லை. ரிக்‌ஷாவிலும் மடியில்தான். இல்லத்து வாசலில் வண்டி இறக்கினபோதும் நான் அவர் கழுத்தை விடவில்லை. கேட்டைத் திறந்தார்கள். உள்ளே மண் முற்றம், ஒரு வேப்பமரம். அங்கேதான் உங்களில் சிலரை நான் முதல் முதலாகப் பார்த்தேன்.

உங்களுக்கு அது எப்படி இருந்ததோ தெரியாது. ஒன்பது வயசுவரை என்னை மாதிரி இன்னொரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. உலகத்திலேயே நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன். முற்றம் முழுக்கத் தவழ்கிறார்கள், ஊன்றுகோலில் நொண்டுகிறார்கள், காலில் இரும்பு கிணுகிணுக்க ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஒவ்வொருத்தர் கண்ணையும் பார்த்தேன். இமை கொட்டுகிறதா என்று பார்த்தேன். கொட்டியது.

மொட்டைத் தலையோடு ஒரு பெண் தவழ்ந்து வந்து அப்பாவின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"உனுக்கு எந்தக் காலு?"

"ரெண்டும்" என்றேன்.

"எனுக்கு ஒண்ணுதான்" என்றாள் பெருமையாக.

வார்டன் அம்மா வந்தார். நரைத்த தலை, கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. என் கிழிந்த பாவாடையைப் பார்த்தார், அப்பாவின் ஈரச் சட்டையைப் பார்த்தார். "பொண்ணுகிட்ட சொல்லாமதானே கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அப்பா தலைகுனிந்து நின்றார். "எல்லாரும் அப்படித்தான் செய்றீங்க" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். "உடனே முடிவு பண்ண வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் உட்காருங்க."

பெரியப்பா வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அப்பாவும் நானும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வேறு கவுன் மாற்றிவிட்டார்கள். பால் கொடுத்தார்கள், அப்பாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. இருக்கிறேன் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. போகலாம் என்று சொன்னால் அப்பா தூக்கிக்கொண்டு போய்விடுவார், அது தெரியும். முற்றத்து ஓரத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் யாரோ எழுதியிருந்ததை என்னால் படிக்க முடியவில்லை. மொட்டைத் தலைப் பெண் படித்துக்காட்டினாள். என்னைவிடச் சின்னவள்.

"இவரு உங்கப்பாவா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா."

"எங்கப்பா முட்டாயி வாங்கியாரேன்னு போனாரு. சொல்லாமலே ஊருக்குப் போயிட்டாரு. அப்பால லெட்டர் போட்டாரு." சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் மண்ணில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் கை என் முதுகில் இருந்தது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நீ சொல்லிட்டுப் போப்பா" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னை மரத்தடியில் உட்காரவைத்தார். தள்ளி நின்றார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. வாசல் கேட்வரை போனார், திரும்பி வந்தார். மறுபடி வாயைத் திறந்து, முடியாமல் துண்டால் பொத்திக்கொண்டார். கைக்குள் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தேன். கூப்பிட்டால் திரும்பி வந்து தூக்கிக்கொள்வார் என்று தெரிந்தும் கூப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை குரல் வந்தது.

"போயிட்டு வரேம்மா" என்றார்.